இலையில் சோறும் இரத்தத்தில் நொதியும்



இரத்த ஆய்வுச் சீட்டு இல்லாத இல்லம் இன்று நம் ஊர்களில் அரிது. வளைகுடா நாடுகளுக்கு வேலைக்குச் செல்லும் இளைஞர், அறுவை மருத்துவத்துக்குக் காத்திருக்கும் முதியவர், ஆண்டுக்கொரு முறை உடலைச் சோதித்துக் கொள்ளும் ஆசிரியர் என அனைவர் கையிலும் அது வந்து சேர்கிறது. சர்க்கரையின் அளவையும் கொழுப்பின் அளவையும் நம் மக்கள் படித்துப் பழகிவிட்டனர். ஆனால் அவற்றுக்குக் கீழே எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. என்று இரண்டு வரிகள் இருக்கும். புதிய ஆய்வுக்கூடங்கள் அவற்றையே ஏ.எஸ்.டி., ஏ.எல்.டி. என்று அச்சிடுகின்றன. அந்த எண் 40-ஐத் தாண்டி, அருகில் ஒரு குறியும் இடப்பட்டிருந்தால், அன்றிரவு அவ்வீட்டில் உறக்கம் இராது. "இது கல்லீரல் கணக்கு" என்று யாரேனும் சொல்வர். கல்லீரல் என்றவுடன் குடி என்னும் சொல் தானாகவே நாவில் வந்து நிற்கும்.

குடிக்காதவர்க்கும் அந்த எண் உயர்வது ஏன்? நாம் நாள்தோறும் உண்ணும் மாவுச்சத்துக்கும் இரத்தத்தில் காணும் நொதியின் அளவுக்கும் உள்ள தொடர்பு யாது? இம்மாதம் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

பத்தாயமும் சிந்திய நெல்லும்

நொதிகள் என்பவை உடலினுள் நிகழும் வேதி மாற்றங்களை விரைவுபடுத்தும் புரதங்கள். அவற்றுட் பெரும்பாலானவை உயிரணுவுக்குள்ளே இருந்து பணிபுரிவன. பழைய உயிரணுக்கள் மடிவதும் புதியன தோன்றுவதும் இயல்பாதலால், அந்நொதிகளில் மிகச் சிறிதளவு எப்போதும் இரத்தத்தில் இருக்கும். நாஞ்சில் நாட்டு வீடுகளில் நெல் சேமிக்கும் பத்தாயத்தை எண்ணிப் பாருங்கள். அதனருகே நாலைந்து நெல்மணிகள் கிடந்தால் எவரும் கவலைகொள்ளார். படி படியாகச் சிந்திக் கிடந்தாலோ, பலகையில் விரிசல் கண்டுவிட்டது என்று அறிவர். அதுபோலவே, கல்லீரல் உயிரணுக்களின் சுவர் நலிவுற்றால் உள்ளிருக்கும் நொதி வெளியே கசிந்து இரத்தத்தில் மிகுதியாகக் காணப்படும்.

இந்தச் சோதனை மிகப் பழையதன்று. 1954-ஆம் ஆண்டில் நியூயார்க் நகரில் லடூ, ரோப்ளெவ்ஸ்கி, கார்மன் என்னும் மூவர், மாரடைப்பு வந்தவர்களின் இரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி. உயர்வதைக் கண்டு வெளியிட்டனர். கல்லீரல் நோய்களிலும் இந்நொதிகள் உயர்வது விரைவில் தெரிய வந்தது. எஸ்.ஜி.ஓ.டி. இதயத்திலும் தசையிலும் உண்டு. எஸ்.ஜி.பி.டி.யோ பெரிதும் கல்லீரலுக்கு உரியது. ஆகவே கல்லீரலைப் பற்றிய செய்தியை இப்பின்னதே தெளிவாக உரைக்கிறது.

சோறு கொழுப்பாகும் வழி

ஒரு பிடி சோற்றைக் குழம்பு சேர்க்காமல் நெடுநேரம் மென்றால் இனிப்புத் தட்டும். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்னும் நொதி மாவைச் சர்க்கரையாக உடைக்கத் தொடங்கிவிட்டது என்பதே அதன் பொருள். எஞ்சிய வேலையைக் கணையம் சுரக்கும் அமைலேசும் சிறுகுடலின் நொதிகளும் முடிக்கின்றன. சோறாயினும், தோசையாயினும், மரச்சீனிக் கிழங்காயினும், பரோட்டாவாயினும் இறுதியில் குளுக்கோசாகவே இரத்தத்தில் சேர்கிறது. அதைக் கண்டவுடன் கணையம் இன்சுலினைச் சுரக்கிறது. இன்சுலினின் ஆணைப்படி கல்லீரலும் தசைகளும் அச்சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்னும் வடிவில் சேமிக்கின்றன.

இங்கேதான் ஒரு கணக்கு உண்டு. கல்லீரல் சேமிக்கக்கூடிய கிளைக்கோஜன் ஏறத்தாழ 100 கிராம் மட்டுமே. தசைகள் எல்லாம் சேர்ந்து அதைப்போல் நான்கு மடங்கு வைத்திருக்கும். ஆயினும் தசையின் சேமிப்பு அத்தசை உழைத்தால் ஒழியக் குறையாது. 100 கிராம் அரிசியில் மாவுச்சத்து ஏறத்தாழ 78 கிராம். மூன்று வேளைக்குமாக 400 கிராம் அரிசி உண்பவர் ஒரே நாளில் 300 கிராமுக்கு மேல் மாவுச்சத்தை உட்கொள்கிறார். தோவாளையிலும் அகஸ்தீசுவரத்திலும் விடியுமுன் வயலிறங்கி, நாற்று நட்டு, கதிர் அறுத்துச் சுமந்த நம் முன்னோர்க்கு அது போதாமலும் இருந்திருக்கலாம். அன்றன்றே அவர்களின் தசைப் பத்தாயம் காலியாகிவிடும். இன்று நாம் கடையிலோ அலுவலகத்திலோ நாற்காலியில் அமர்ந்திருக்கிறோம். அடுத்த தெருவுக்கும் வண்டியிலேயே செல்கிறோம். உணவின் அளவோ மாறவில்லை.

இரண்டு சேமிப்பிடங்களும் நிரம்பிய பின்னும் சர்க்கரை வந்துகொண்டே இருந்தால் கல்லீரல் என்ன செய்யும்? அதைக் கொழுப்பாக மாற்றும். பிரான்சு நாட்டில் வாத்துகளுக்கு மக்காச்சோளத்தை வலிந்து ஊட்டி, அவற்றின் கல்லீரலைப் பன்மடங்கு பருக்கச் செய்து, அதை விலையுயர்ந்த உணவாக விற்கின்றனர். அந்த வாத்துகளுக்கு மது ஊட்டப்படவில்லை, தானியமே ஊட்டப்பட்டது. மாவு கொழுப்பாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

கொழுப்பு மிகுந்த உயிரணு நாளடைவில் நலிவுறுகிறது. சிலருக்கு அழற்சியும் தோன்றுகிறது. அப்போது எஸ்.ஜி.பி.டி. கசிகிறது. இது ஒரு வழி. மற்றொன்றும் உண்டு. எஸ்.ஜி.பி.டி. வெறுமனே உள்ளே அடைபட்டுக் கிடக்கும் பொருளன்று. அலனின் என்னும் அமினோ அமிலத்தைப் பைருவேட்டாக மாற்றுவது அதன் தொழில். அந்தப் பைருவேட்டிலிருந்து கல்லீரல் புதிதாகச் சர்க்கரை செய்கிறது. பட்டினி வேளையில் நம்மைக் காக்கும் ஏற்பாடு இது. இன்சுலின் சொற்கேளாத கல்லீரலோ, வேண்டாத வேளையிலும் சர்க்கரை செய்துகொண்டே இருக்கிறது. எனவே இந்நொதியின் உயர்வு சில வேளைகளில் வரவிருக்கும் நீரிழிவுக்கு முன்னறிவிப்பாகிறது. அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்துப் பீமா இனத்தவரிடையே நடைபெற்று 2002-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நீரிழிவு இல்லாதவர்களுள் இந்த எண் உயர்ந்திருந்தவர்களே பின்னர் அந்நோய்க்கு மிகுதியாக ஆளாயினர் என்று கண்டனர்.

நான்கு வாரத்தில் ஏறிய எண்

உணவு இந்த எண்ணை எவ்வளவு விரைவாக மாற்றும்? சுவீடன் நாட்டில் நல்ல உடல்நலமுடைய 18 பேர், நாளொன்றுக்கு இரு வேளையேனும் துரித உணவகங்களில் உண்டு, உடலுழைப்பையும் குறைத்துக்கொண்டு நான்கு வாரம் வாழ்ந்தனர். தொடக்கத்தில் சராசரி 22 ஆக இருந்த எஸ்.ஜி.பி.டி., உச்சத்தில் சராசரி 97-ஐத் தொட்டது. 18 பேரில் 11 பேருக்கு அது இயல்பின் எல்லையைக் கடந்து நின்றது. 2008-இல் வெளியான இவ்வாய்வில் மற்றொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. அந்த உயர்வு, உண்ட மாவுச்சத்தோடும் சர்க்கரையோடும் தொடர்புடையதாயிருந்தது.

ஏறுவது போலவே இறங்குவதும் விரைவாக நிகழும். 2011-இல் அமெரிக்காவின் டல்லாஸ் நகர ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வில், கொழுப்புக் கல்லீரல் உடைய 18 பேர் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் மொத்த உணவைக் குறைத்தனர்; மறு பிரிவினர் மாவுச்சத்தை மட்டும் மிகக் குறைத்தனர். இரண்டு வாரத்தில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவு எடை இழந்தனர். கல்லீரல் கொழுப்போ முதற் பிரிவினர்க்கு 28 விழுக்காடும், இரண்டாம் பிரிவினர்க்கு 55 விழுக்காடும் குறைந்திருந்தது. சிறிய ஆய்வே, எனினும் கல்லீரல் எதற்கு விரைந்து செவிசாய்க்கிறது என்பதை அது காட்டுகிறது.

நம் நாட்டு நிலை என்ன? 2025-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வின்படி, இந்தியர் பெறும் ஆற்றலில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்தே வருகிறது. சென்னை நகரில் நடைபெற்று 2009-இல் வெளியான ஆய்வில், சோதிக்கப்பட்ட 541 பேரில் 32 விழுக்காட்டினர்க்குக் கொழுப்புக் கல்லீரல் இருந்தது. நீரிழிவு உடையோரிடம் அது பாதிக்கும் மேல். மேனாட்டாரைவிட மெலிந்த உடல் உடையோர்க்கும் நம்மிடையே இது வருகிறது. ஆகவே எடையோடு இடுப்பின் சுற்றளவையும் அளந்து பார்ப்பது நலம். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. என்பது நம்மவர்க்கான எல்லை.

குடிக்கிறானா, குடிக்கவில்லையா?

சில மாதங்களுக்கு முன் ஓர் அன்னை தம் மகனையும் அழைத்துக்கொண்டு நம்மிடம் வந்தார். கையில் ஆய்வுச் சீட்டு. எஸ்.ஜி.பி.டி. 86, எஸ்.ஜி.ஓ.டி. 48. "சாமி, இவன் குடிக்கிறான். எங்களிடம் மறைக்கிறான். பெண்வீட்டாருக்கும் செய்தி போய்விட்டது. நீங்கள்தான் இவனிடம் சத்தியம் வாங்க வேண்டும்" என்று அழுதார். மகனோ நிமிர்ந்து பார்க்கவில்லை. "நான் தொட்டதே இல்லை சாமி. சொன்னால் யார் நம்புகிறார்கள்?" என்று மட்டும் கூறினான். துணிக்கடையில் வேலை. இரவு பத்து மணிக்குக் கடை அடைத்தபின் பரோட்டா, பகலில் ஐந்தாறு முறை இனிப்புத் தேநீர், தாகத்துக்குக் குளிர்பானம்.

சத்தியம் வாங்குவதைவிட மருத்துவரிடம் செல்வதே முறை என்று அனுப்பி வைத்தோம். மஞ்சட்காமாலைக் கிருமிகளான பி, சி வகைகள் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்தார். ஒலி அலைச் சோதனையில் கல்லீரலில் கொழுப்பு தெரிந்தது. இரவுப் பரோட்டாவும் இனிப்புப் பானங்களும் நின்றன. நாள்தோறும் நடை தொடங்கியது. நான்கு மாதத்தில் எண் 41-க்கு இறங்கிற்று. திருமணமும் நடந்தது. மகனின் சொல்லை நம்பாமற்போனதே அந்தத் தாய்க்கு நெடுநாள் வருத்தம்.

சீட்டிலுள்ள இரண்டு எண்களையும் ஒப்பிட்டாலே மருத்துவர்க்கு ஒரு குறிப்புக் கிடைக்கும். மதுவால் நலிந்த கல்லீரலில் பெரும்பாலும் எஸ்.ஜி.ஓ.டி. மற்றதைப் போல் இரு மடங்குக்கு மேல் இருக்கும். கொழுப்புக் கல்லீரலின் தொடக்கத்திலோ எஸ்.ஜி.பி.டி.யே மேலோங்கி நிற்கும். இது குறிப்பேயன்றித் தீர்ப்பன்று. தழும்பு முற்றிய கல்லீரலில் இந்த ஒப்பீடு மாறிவிடும். காசநோய் மருந்துகள், அளவுக்கு மீறிய பாரசிட்டமால், டெங்கு, எலிக்காய்ச்சல், கடுமையான உடலுழைப்பு ஆகியவற்றாலும் எண்கள் உயரக்கூடும். எனவே ஒரு சீட்டை வைத்துக்கொண்டு எவரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டா. மதுவருந்துவோர் இதைச் சாக்காகக் கொள்ளவும் வேண்டா. மதுவும் மாவும் ஒன்றுசேர்ந்தால் கல்லீரலின் அழிவு இரட்டிப்பாகும்.

மரச்சீனியும் கணையமும்

நம் மாவட்டத்தில் மாவுச்சத்தைப் பற்றிப் பேசிவிட்டு மரச்சீனிக் கிழங்கை விட்டுவிட இயலாது. தென் அமெரிக்காவில் பிறந்த இக்கிழங்கு, 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னரின் ஊக்கத்தால் இப்பகுதியில் பரவியது. 1942-இல் பர்மா ஜப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது, ஏழைகளின் உயிர்காத்தது இதுவே.

பின்னர் இக்கிழங்கின்மேல் ஒரு பழி வந்தது. கேரளத்து மருத்துவர் கீவர்கீஸ், கணையத்தில் கற்கள் தோன்றி, இளம் வயதிலேயே நீரிழிவுக்கு ஆளான ஏழை மக்கள் பலரை ஆராய்ந்து 1968-இல் நூலொன்றும் வெளியிட்டார். சிறுவயதில் வயிற்றுவலி, இளமையில் நீரிழிவு, உண்பது செரியாமை ஆகியவை இந்நோயின் அடையாளங்கள். நோயாளர் மரச்சீனியை நம்பி வாழ்ந்தோராதலால், அதிலுள்ள சயனைடு நஞ்சே காரணம் எனக் கருதினர். ஆனால் மரச்சீனி உண்ணாத இடங்களிலும் இந்நோய் காணப்பட்டது. எலிகளுக்கு அக்கிழங்கை நெடுநாள் ஊட்டியும் நோய் தோன்றவில்லை. 2002-இல் இந்நோயாளர் பலரிடம் ஸ்பிங்க்-1 என்னும் மரபணுவில் மாற்றம் இருப்பது வெளிப்பட்டது. கிழங்கு பெரும்பாலும் பழியினின்று விடுபட்டது எனலாம். எனினும் அவித்த நீரை வடித்துக் கொட்டும் நம் பெண்களின் வழக்கம் மிக நன்று. நஞ்சின் பெரும்பகுதி அந்நீரோடு போய்விடுகிறது. கிழங்கோடு மீன்கறி சேர்த்து உண்பதும் பொருத்தமே. மீனிலுள்ள கந்தகச் சத்துடைய அமினோ அமிலங்கள் எஞ்சிய நஞ்சை முறிக்க உடலுக்கு உதவுகின்றன.

கணையத்தின் நொதியாகிய அமைலேசும் இரத்தத்தில் அளக்கப்படுகிறது. கணையத்தில் திடீர் அழற்சி ஏற்பட்டால் அது இயல்பைப்போல் மூன்று மடங்குக்கு மேல் உயரும். ஆனால் கற்களால் நெடுநாள் நைந்துபோன கணையத்தில், வலி இருந்தும் எண் உயராமல் இருக்கலாம். கசிவதற்கு அங்கே நொதியே மிஞ்சியிராது. அதனினும் வியப்பானது ஒன்றுண்டு. கணையம் அமைலேசைச் செய்வதற்கே இன்சுலினின் துணை வேண்டும். நீரிழிவிலும் அதன் முன்நிலையிலும் இரத்தத்தில் அமைலேஸ் தாழ்ந்திருப்பதை ஜப்பானிய ஆய்வாளர் கண்டுள்ளனர். ஆக, மாவுச்சத்தின் கணக்குத் தவறும்போது ஒரு நொதி ஏறுகிறது, மற்றொன்று இறங்குகிறது.

கருப்பட்டி என்னும் நம்பிக்கை

"சீனிதான் கெடுதி; கருப்பட்டி ஒன்றும் செய்யாது" என்று நம் இல்லங்களில் கூறக் கேட்கிறோம். கருப்பட்டியில் சிறிது தாதுச்சத்து உண்டு. மணமும் சுவையும் உண்டு. பனைத் தொழிலாளியின் வியர்வையும் உண்டு. ஆனால் அதன் பெரும்பகுதி சீனியிலுள்ள அதே சுக்ரோஸ்தான். சுக்ரோசில் சரிபாதி பிரக்டோஸ். குளுக்கோசை உடல் முழுதும் பங்கிட்டுக்கொள்ளும். பிரக்டோசையோ பெரிதும் கல்லீரலே ஏற்றுக் கொழுப்பாக்குகிறது. ஆகவே நீரிழிவு உடையவர் கருப்பட்டிக் காப்பியை மருந்தென எண்ணிக் குடித்தல் தகாது. குளிர்பானத்துக்கும் இதே விதி. 250 மில்லி அளவுள்ள ஒரு புட்டியில் 25 கிராம் அளவுக்குச் சீனி இருக்கிறது. அதைச் சிறுவர்க்கு வாங்கிக் கொடுப்பதை அன்பு என்று கருதுவோர் ஒருமுறைக்கு இருமுறை சிந்திக்கட்டும்.

செய்யத்தக்கவை

சோற்றை வெறுக்க வேண்டா. அதன் இடத்தைச் சுருக்கினால் போதும். இலையில் பாதி காய்கறியும் கீரையும், கால்பங்கு மீனோ பயறோ முட்டையோ, கால்பங்கு சோறோ கிழங்கோ இருக்கட்டும். சாளையும் நெத்திலியும் நம் கரையில் கிடைக்கும் மலிவான நற்புரதம். அவற்றைப் பொரிப்பதைவிடக் குழம்பாக்குதல் நன்று. சோற்றுக்குத் தொடுகறியாக மரச்சீனியை வைப்பது, மாவுக்கு மாவையே துணையாக்குவதாகும்.

தவிட்டோடு கூடிய அரிசி கிடைத்தால் அதனைக் கொள்ளுங்கள். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் 2014-இல் வெளியிட்ட ஆய்வில், தீட்டிய வெள்ளரிசிக்குப் பதிலாகத் தீட்டாத அரிசி உண்டபோது இரத்தச் சர்க்கரையின் ஏற்றம் ஏறத்தாழ 20 விழுக்காடு குறைந்தது. பயறும் சேர்ந்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது.

உணவுக்குப்பின் சற்றே நடத்தல், வாரத்தில் ஐந்து நாளேனும் அரைமணி வேகநடை ஆகியவை தசைப் பத்தாயத்தைக் காலி செய்யும். எடை மிகுந்தோர் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே கல்லீரல் கொழுப்புக் குறையும். ஏழு முதல் பத்துப் பங்கு குறைத்தால் அழற்சியும் தணியும்.

நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்போர் மருத்துவரைக் கேளாமல் சோற்றைத் திடீரெனக் குறைத்தலாகாது. மருந்து அதே அளவில் இருக்க உணவு குறைந்தால், சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்து மயக்கம் நேரும். உள்ளடக்கம் தெரியாத பொடிகளையும் கசாயங்களையும் கல்லீரலுக்கென்று வாங்கி உண்ண வேண்டா. அவற்றுட் சில கல்லீரலையே கெடுக்கின்றன.

இறுதியாக ஒன்று. எண் 40-க்குள் இருக்கிறது என்பதால் கல்லீரல் நலமாயிருக்கிறது என்று உறுதி கூற இயலாது. கொழுப்புக் கல்லீரல் உடையோர் பலரின் நொதி அளவு இயல்பாகவே இருக்கிறது. நீரிழிவு உடையவர்களும், இடுப்புச் சுற்றளவு மிகுந்தவர்களும் மருத்துவரிடம், "எனக்குக் கல்லீரல் சோதனை வேண்டுமா?" என்று தாமே கேட்டறிதல் நலம். ஆசாரிபள்ளத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நம் மாவட்டத்து ஏழை எளியோர் இதற்கு நாடலாம். பழைய சீட்டுகளை எறிந்துவிடாமல் தேதிவாரியாகச் சேர்த்து வையுங்கள். ஓர் எண்ணைவிட, ஆண்டுதோறும் அது செல்லும் திசையே மருத்துவருக்கு மிகுதியாகப் பேசும். கல்லீரல் பொறுமை மிக்க உறுப்பு. தழும்பு முற்றுவதற்குமுன் அதன் சுமையை இறக்கினால், தன்னைத் தானே சீர்செய்துகொள்ளும். சுமையை இறக்கும் வேலை, நம் வீட்டு அடுக்களையில், சோறு பரிமாறும் அகப்பையிலிருந்தே தொடங்கலாம்.